பருத்தி உடுப்பும் ஏழு பாகைத் தண்ணீரும்

1

போன சனிக்கிழமை லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடைக்குள் நான் நுழைந்ததும் கதை நின்றது. கல்லாவில் கடைக்காரரின் மனைவி பவானி. எதிரே கறிவேப்பிலைப் பையைக் கையில் பிடித்தபடி எனக்குப் பெயர் தெரியாத ஒரு பெண். என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள் என்று அறிய அதிக நேரம் எடுக்கவில்லை. பவானிக்கு எதையும் மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அந்தக் குளத்துக்க இறங்குறது நீங்களோ எண்டு இவ கேக்கிறா."

"ஓம், நான்தான்."

"இந்தக் குளிருக்கயோ?"

"ஓம்."

"ஏனக்கா, வீட்டில சுடுதண்ணி வாறேல்லையோ?"

மூன்று பேரும் சிரித்தோம். கறிவேப்பிலைப் பெண் சிரித்து முடித்துக் குரலைத் தாழ்த்தி, தான் உண்மையில் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"அப்ப உடுப்பு?"

"உடுப்போடதான், தங்கச்சி."

அவள் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. அன்று நடந்ததை எழுதவே இதைத் தொடங்குகிறேன். ஆனால் ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் விஷயத்தை ஒழுங்காகச் சொல்லவேண்டும்.

குரொய்டனுக்குத் தெற்கே, வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில், பழைய சரளைக்கல் குழி ஒன்று நிறைந்து உண்டான ஒரு குளம் இருக்கிறது. ஒரு நிறுவனம் அதை நடத்துகிறது. சந்தா கட்டினால் ஆண்டு முழுவதும் நீந்தலாம். குளிர்காலத்தில் வருபவர்களில் பெரும்பாலானோர் வெட்சூட் அணிவார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோலோடு ஒட்டிய தடித்த ரப்பர் உடை அது. உடம்புச் சூட்டை வெளியே விடாது. அது இல்லாமல் இறங்குபவர்கள் கொஞ்சப் பேர். நான் அந்தக் கொஞ்சப் பேரில் ஒருத்தி. ஆனால் மற்றவர்களைப் போல நீச்சலுடையில் இறங்குவதில்லை. கணுக்கால் வரை இறுக்கமான பருத்திக் காற்சட்டை, அதற்கு மேலே கை நீண்ட பருத்தி ரீசேட். ஐந்து குளிர்காலம் இப்படித்தான் நீந்தினேன். இந்தக் குளிர்காலம் நீந்த முடியுமா என்பதுதான் பிரச்சினையாகிவிட்டது.

2

இதைக் கேள்விப்படும் தமிழர்களில் பாதிப்பேர் உடனே ஒரு கனிந்த முகம் வைத்துக்கொண்டு, "கீரிமலை ஞாபகம் போல" என்பார்கள். இல்லை. நான் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பிறந்தவள். கீரிமலைக் கேணிக்குப் போயிருக்கிறேன். ஆண்கள் கேணி கடலைப் பார்த்தபடி திறந்து கிடந்தது. பையன்கள் மதிலில் ஏறிக் குதித்தார்கள். பெண்களுக்குச் சுவர் கட்டிய ஒரு சின்னத் தொட்டி. அதில் கழுத்து வரைக்கும் நனைந்து, மூக்கைப் பிடித்து முங்கி, பாவாடையைக் குறுக்காகக் கட்டியபடி ஏறி வந்தோம். நான்கு பக்கமும் கடல் உள்ள நாட்டில் பிறந்து, நீந்தத் தெரியாமல் விமானம் ஏறினேன். எனக்குக் கிடைக்காத தண்ணீரை நினைத்து நான் எப்படி ஏங்குவது?

நீச்சல் எனக்கு நெதர்லாந்து தந்தது. எண்பதுகளின் கடைசியில் நானும் என் கணவரும் அங்கேதான் அகதிகளாகப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குக் கிடைத்த வீட்டு வாசலில் இருந்து இருபதடி தள்ளிக் கால்வாய். வேலி இல்லை. அந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் சின்ன வயதிலேயே நீந்தக் கற்றுவிடும். வெளிநாட்டுப் பெண்களுக்கு என்று நகரசபை கிழமைக்கு ஒரு வகுப்பு வைத்தது. அந்த ஒரு மணி நேரம் ஆண்களுக்கு இடமில்லை.

கடைசிப் பரீட்சையை உடுப்போடு செய்யவேண்டும். சப்பாத்தும் போடவேண்டும். தண்ணீருக்குள் குதித்து, மிதந்து நின்று, முங்கி, தண்ணீருக்குள் தொங்கவிட்ட ஒரு படங்குச் சீலையில் வெட்டிய ஓட்டைக்குள்ளால் வந்து, நீந்தி, யாருடைய கையும் பிடிக்காமல் கரையேற வேண்டும். ஏன் என்று கேட்டோம். ஒருவரும் நீச்சலுடையோடு கால்வாயில் விழுவதில்லை என்றார் ஆசிரியை. அப்படியானால் நீங்கள் விழும்போது என்ன உடுத்திருப்பீர்கள் என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். எங்களில் ஒருத்தி எழும்பி, "சேலை" என்றாள். ஆசிரியை சிரிக்கவில்லை. அப்படியானால் சேலையோடுதான் பரீட்சை என்றார். அவள் குதித்தாள். சேலை அவளை விட்டுப் பிரிந்து தன்பாட்டில் ஒரு பக்கம் போக, அவள் உள்பாவாடையோடு மறுபக்கம் நீந்திச் சித்தியடைந்தாள். சேலையை நீண்ட கம்பால் எடுத்தார்கள். நான் சுடிதாரோடு செய்தேன்.

ஆகவே எனக்கு நீச்சல் என்றால் உடுப்போடு செய்வதுதான். ஈரத்துணியின் பாரம், கையை எவ்வளவு உயர்த்தலாம், எதை இறுக்கிக் கட்டவேண்டும், எதைக் கட்டக்கூடாது எல்லாம் கற்றுத்தான் தேறினேன். அந்தக் காலத்தில் படிந்த இன்னொன்றும் என்னோடு லண்டன் வந்துவிட்டது. குளிர் தலைக்கேறும்போது எனக்கு டச்சு மொழி வரும். தமிழும் வராது, ஆங்கிலமும் வராது.

3

மகளுடைய ஆங்கிலப் படிப்புக்காகத்தான் லண்டனுக்கு மாறினோம். ஐரோப்பாவில் இருந்து வந்த பல குடும்பங்களும் அப்படித்தான் வந்தன. மகள் துளசி இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். என் கணவர் சாமான் விநியோக வான் ஓட்டுகிறார். நான் ஒரு மருத்துவமனையில் நோயாளர் கோப்புகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு கோப்பு இடம் மாறினால் ஒரு மனிதர் காணாமல் போனது போலத்தான். அதனால் கிழமை முழுவதும் எல்லாவற்றையும் அதன் அதன் இடத்தில் வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளம். கணவர் என்னைக் கொண்டுபோய் விடுவார். காருக்குள் இருந்து தமிழ் வானொலி கேட்பார். தண்ணீருக்குக் கிட்டவும் வரமாட்டார். முதலாவது குளிர்காலத்தில், "உமக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றார். இரண்டாவதில், "விசருக்கு மருந்து இல்லை" என்றார். மூன்றாவதில் பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன் ரீ கொண்டுவரத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

குளிர்ந்த தண்ணீர் என்ன செய்யும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கணுக்காலில் வலி. குளிர் என்று தெரியாது, வலி என்றுதான் தெரியும். இடுப்பு நனையும்போது மூச்சு தானாக மேலே இழுபடும். அந்த நேரம் பயப்படக்கூடாது. வாயைக் குவித்து மெல்ல வெளியே ஊத வேண்டும். மூச்சு கைக்கு வந்தபின் பிடரியை நனைக்க வேண்டும். பிறகு நீந்தலாம். விரல்கள் விறைத்து ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்கினால் கரைக்குத் திரும்ப வேண்டும். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்படக்கூடாது. கரையேறிய பின்தான் உண்மையான நடுக்கம் வரும்.

இதையெல்லாம் ஏன் செய்கிறேன் என்று கேட்டால், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு என் தலைக்குள் ஒரு கோப்பும் இருக்காது. நான் யாருடைய மனைவி, யாருடைய தாய், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதும் இருக்காது. மூச்சு இருக்கும். அவ்வளவு போதும்.

ரப்பர் உடையை நான் போட்டுப் பார்க்கவில்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. ஒரு தடவை வாடகைக்கு எடுத்தேன். உடுப்பு மாற்றும் குடிலில் துளசி என் இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தூக்கி உள்ளே இறக்கினாள். "அம்மா, யூ ஆர் லைக் அ சொசேஜ்" என்று சொல்லி நிலத்தில் இருந்து சிரித்தாள். தண்ணீரில் நான் போத்தல் தக்கை போல மிதந்தேன். குளிர் என்னைத் தொடவில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு குளியலறையில் நின்றது போல இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

4

கிரஹாம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். குளத்தின் மேலாளர் அவர். உயரமான, முகம் சிவந்த மனிதர். யாராவது தண்ணீரில் கொஞ்சம் தாமதித்தால் தன் பூட்ஸ் காலோடு, குளத்துக்குள் நீளும் மரத்துறையில் இங்குமங்கும் நடந்துகொண்டிருப்பார். அவர் பேசுவது ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

ஒக்டோபர் கடைசியில் குடில் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. தண்ணீரின் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போனால் இரண்டு வகை நீச்சற்காரர்களுக்கு மட்டும் அனுமதி. ரப்பர் உடைக்காரருக்குச் செம்மஞ்சள் தொப்பி. நீச்சலுடைக்காரருக்குப் பச்சைத் தொப்பி. அவர்களுக்கு முழங்காலுக்குக் கீழேயும் தோளுக்கு வெளியேயும் துணி இருக்கக்கூடாது.

"எனக்கு எந்தத் தொப்பி?" என்று கிரஹாமிடம் கேட்டேன்.

"அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், மிஸ்ஸிஸ் மங்கை" என்றார். "காப்புறுதிக்காரர் கொண்டுவந்த விதி. ஈரத்துணி பாரம். காலில் சுற்றலாம். உங்களை நான் வெளியே இழுக்க நேர்ந்தால்?"

"வெறும் தோளைவிட ரீசேட்டைப் பிடித்து இழுப்பது உங்களுக்குச் சுகம்."

சிரித்தார். பிறகு தாடையைத் தடவினார். "ரப்பர் உடையைப் போட்டால் என்ன? கழுத்து வரைக்கும் மூடும். உங்களுக்கும் அதுதானே வேண்டும்?"

எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். கிரஹாம் சொன்னார், துளசி சொன்னாள், போன சனிக்கிழமை கடையில் பவானியும் சொன்னாள். உடம்பும் தெரியாது, குளிரும் தெரியாது, விதியும் மீறப்படாது. ஆனால் நான் அங்கே போவது குளிருக்குத்தான். குளிரை எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் தந்தால் நான் என்ன செய்வது? அதற்கு என் வீட்டுக் குளியலறை போதும், சுடுதண்ணீர் வருகிறது.

கிரஹாம் எனக்காக வழி தேடினார் என்பதும் உண்மை. அடுத்த ஞாயிறு ஒரு தாளோடு வந்தார். இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, என் உடுப்போடு நான் பாதுகாப்பாக நீந்துவேன் என்று அவர் முன்னால் செய்து காட்டவேண்டும். மற்றது, விதிவிலக்கு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: சமயம், மருத்துவம், வேறு.

"சமயத்தில் ஒரு கோடு போடுங்கள். அன்றைக்கே கிடைக்கும்" என்றார். "அதைப் பற்றி மேலே ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்."

"என் சமயம் முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே."

"அது எனக்குத் தெரிய வேண்டியதில்லை" என்றார் கிரஹாம், கண்ணைச் சிமிட்டி.

5

அந்தத் தாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. கணவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"இதில என்ன கஷ்டம்? சமயம் எண்டு போட்டால் முடிஞ்சுது. முருகன் வந்து கேக்கப்போறாரே?"

"முருகன் கேக்கமாட்டார். எனக்குத் தெரியுந்தானே."

"உமக்கு நீந்த வேணுமோ, ஞாயம் வேணுமோ?"

"ரெண்டும் வேணும்."

கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வாக்குவாதம் அவருக்கு அதோடு முடிந்தது.

எனக்கு ஏன் அந்தக் கோடு போட மனம் வரவில்லை என்று அன்றிரவே அவருக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் அவருக்கு அது தெரியும், பக்கத்தில் இருந்தவர்தானே. நெதர்லாந்தில் எங்களை விசாரித்தபோது, மொழிபெயர்க்க வந்த தமிழ்த் தம்பி நடுவில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "அக்கா, நடந்ததை உப்பிடிச் சொன்னா இவைக்கு விளங்காது. இவைக்கு விளங்குற மாதிரி ஒண்டு சொல்லுங்கோ." அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அதன் பிறகும் எத்தனையோ மேசைகளின் முன்னால் இருந்து, ஏன் வந்தாய், ஏன் இந்த ஊர், ஏன் இந்த வேலை, ஏன் மாறுகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் கொடுத்தேன். ஒவ்வொரு காரணமும் அவர்களுடைய கட்டத்துக்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் என்னைத்தான் மடிக்கச் சொல்வார்கள். இப்போது ஒரு காற்சட்டைக்குமா?

துளசியின் வழக்கு வேறு. அவளுடையதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

"அம்மா, பி ஒனெஸ்ற். நீங்க அதைப் போடுறது அன்ரிமாருக்குப் பயத்தில."

"அன்ரிமாருக்குப் பயமெண்டால் நான் குளத்துக்கே போகமாட்டன், பிள்ளை. அவைக்குக் காற்சட்டை பிரச்சினை இல்லை. நான் இறங்குறதுதான் பிரச்சினை."

"தென் வை? எல்லாரும் நோர்மலா கொஸ்ரியூமோட போகினம். ஒருத்தரும் உங்கட காலைப் பாக்கப்போறேல்ல."

"எனக்கு விருப்பமில்லை."

"தட்ஸ் நொட் அ ரீசன். சின்னனில இருந்து சொல்லிச் சொல்லி உங்கட மண்டைக்குள்ள வைச்சிட்டினம். அது உங்கட விருப்பம் இல்லை."

அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என் விருப்பம் எங்கிருந்து வந்தது என்று நான் வேர் தோண்டிப் பார்த்ததில்லை. அவளுடைய விருப்பம் எங்கிருந்து வந்தது என்று அவளும் பார்த்ததில்லை. கிழிந்த ஜீன்ஸைக் காசு கொடுத்து வாங்குகிறவள் அவள்.

"சரி," என்றேன். "நீ சொல்லிறாய் எண்டதுக்காக நான் கழட்டினால், அப்ப அது ஆரின்ர விருப்பம்?"

அவள் எழும்பி மாடிக்குப் போனாள். கதவு சாத்திய சத்தம் வழமையைவிடக் கொஞ்சம் பெரிது.

6

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பரீட்சை. குடிலுக்கு வெளியே இருந்த கரும்பலகையில் ஏழு பாகை என்று எழுதியிருந்தது. நான் என் வழக்கமான உடுப்புக்கு மேலே ஒரு சேர்ட், அதற்கு மேலே மெல்லிய ஜக்கெற், காலில் கன்வஸ் சப்பாத்து போட்டு வந்தேன்.

"இவ்வளவும் தேவையில்லை" என்றார் கிரஹாம்.

"எனக்குப் பழக்கியவர்களுக்குத் தேவைப்பட்டது."

துளசி மரத்துறையில் நின்றாள். கோபம் தீரவில்லை, ஆனால் வந்திருந்தாள். இரண்டு கையையும் குளிர்கோட்டுப் பைக்குள் விட்டபடி, தன் தாயைத் தெரியாதவள் போல நின்றாள்.

குளிருக்குள் குதிப்பது ஆபத்து என்பதால் ஏணிப்படியால் இறங்கினேன். மூச்சு இழுபட்டது. ஊதினேன். ஜக்கெற்றுக்குள் காற்று நின்று தோளில் பொம்மிக்கொண்டு வந்தது; அதை அழுத்தி வெளியேற்றினேன். காலை மட்டும் அசைத்து நின்ற இடத்தில் மிதந்தேன். கிரஹாம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாவது மிதவைக் குண்டு வரை போய்த் திரும்பினேன். துணி பாரம்தான். ஒவ்வொரு வீச்சுக்கும் யாரோ பின்னால் இருந்து சட்டையைப் பிடிப்பது போல இருந்தது. நீச்சலுடைக்காரர் ஒருவருக்கும் தெரியாத பாரம் அது. பிறகு ஏணியைப் பிடிக்காமல், மரத்துறையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, வயிற்றால் ஏறி, ஒரு கடல் சிங்கம் போலப் பலகையில் விழுந்தேன். அழகாக இருந்திராது. யாருடைய கையும் பிடிக்கவில்லை.

குளிரில் ஏறியவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வழமையாகக் கேள்வி கேட்பார்கள். கிரஹாம் குனிந்து, "இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"சாட்டர்டாஹ்" என்றேன்.

அவர் முகம் மாறியது. போர்வைக்கு ஓடினார்.

"நோ, நோ, ஷீ இஸ் ஃபைன்!" என்று துளசி கத்தினாள். "இட்ஸ் டச்! ஷீ மீன்ஸ் சற்றடே!"

போர்வைக்குள் இருந்து நடுங்கி நடுங்கிச் சிரித்தேன். துளசியும் சிரித்தாள். கிரஹாமுக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நீங்கள் பரீட்சையில் சித்தி" என்றார். "முப்பது வருடத்தில் இப்படி ஒருவரும் என் முன்னால் சப்பாத்தோடு கரையேறியதில்லை."

கை சூடேறிய பிறகு விண்ணப்பத்தை எடுத்தேன். சமயத்தைத் தாண்டி, மருத்துவத்தைத் தாண்டி, வேறு என்ற கட்டத்தில் அடையாளமிட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: "நான் இப்படி நீந்த விரும்புகிறேன்."

கிரஹாம் வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இதைத் திருப்பி அனுப்புவார்கள், மிஸ்ஸிஸ் மங்கை."

"அனுப்பட்டும்."

7

திருப்பித்தான் அனுப்பினார்கள். போன வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பரீட்சையில் நான் காட்டிய திறமைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். தனிப்பட்ட விருப்பம் விதிவிலக்குக்குப் போதுமான காரணம் ஆகாது என்றும், சமய அல்லது மருத்துவக் காரணம் இருந்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும், அதுவரை நான் குளிர்காலத்தில் இறங்கக்கூடாது என்றும் எழுதியிருந்தது.

துளசி நின்றபடியே அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"போதுமான காரணம் இல்லையாம்! ஆர் இவை?"

"நீயும் அதைத்தானே சொன்னனி."

"ஓம், பட் நான் உங்கட மகள். நான் சொல்லலாம்." கடிதத்தை மேசையில் போட்டாள். "அந்தக் காற்சட்டை வடிவில்லை எண்டு நான் இப்பவும் சொல்லுவன். ஆனா பொய் சொன்னால் விடுவினமாம், உண்மை சொன்னால் விடமாட்டினமாம். வட் கைண்ட் ஒஃப் ரூல் இஸ் தட்?"

மறுநாள்தான் கடையில் அந்தச் சுடுதண்ணீர்க் கேள்வி. அதற்கு அடுத்த நாள் காலை நான் வழமையான நேரத்துக்கு எழும்பி, வழமையான ஒழுங்கில் பையை அடுக்கினேன்: துவாய், கம்பளித் தொப்பி, மாற்று உடுப்பு, தடித்த காலுறை. கணவர் பிளாஸ்கில் பிளேன் ரீ ஊற்றினார். துளசி காரின் பின்சீற்றில் ஏற்கனவே இருந்தாள்.

கிரஹாம் மரத்துறையின் தொடக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார்.

"கடிதம் வந்திருக்குமே."

"வந்தது."

"அப்படியானால் உங்களுக்குத் தெரியும். என்னால் அனுமதி தர முடியாது."

"தெரியும். நான் இன்று அனுமதி கேட்கவில்லை. நான் நீந்துவேன் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்களே பார்த்தீர்கள். மறிக்க வேண்டுமானால் மறியுங்கள். நான் உள்ளே போன பிறகு மறிப்பதானால் நீங்களும் இறங்கவேண்டும்."

கிரஹாம் கரும்பலகையைப் பார்த்தார். ஆறு பாகை. தன் தடித்த கோட்டைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார்.

"அம்மா, ஹீ இஸ் திங்கிங். கெதியாப் போங்கோ" என்றாள் துளசி.

இறங்கினேன். குளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்மஞ்சளும் பச்சையும் தெரிந்தன. எனக்கு இரண்டும் இல்லை. கொண்டையை இறுக்கிக் கட்டிய நரைத்த தலையோடு நடுவால் போனேன். மூச்சு கைக்கு வந்தது. பிடரியை நனைத்தேன். முதலாவது மிதவைக் குண்டைத் தாண்டும்போது கரையைப் பார்த்தேன். கிரஹாம் மீட்புப் பலகையை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, நான் நீந்தும் வேகத்துக்குச் சரியாகக் கரையோரம் நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் துளசி நடந்தாள். கையைக் கையை ஆட்டி அவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். அவள் வாதாடும்போது எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவருக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டேன்.

விரல்கள் விலகத் தொடங்கியதும் திரும்பினேன். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்படவில்லை.

ஏறி வந்தபோது கிரஹாம் துவாயை நீட்டினார். "இதை நான் மேலே எழுத வேண்டியிருக்கும். உங்கள் அங்கத்துவத்தை நிறுத்துவார்கள் என்று நினைக்கிறேன்."

"எழுதுங்கள். என் பெயரை முழுதாக எழுதுங்கள். மங்கையர்க்கரசி."

அவர் பொக்கற்றுக்குள் இருந்து பேனையை எடுத்தார். துளசி எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் பிழையில்லாமல் எழுதினார்.

காருக்குள் நடுக்கம் வந்தது. பற்கள் அடித்துக்கொள்ள இரண்டு கையாலும் பிளாஸ்க் மூடியைப் பிடித்துக் குடித்தேன். துளசி பின்சீற்றில் இருந்து நடந்தது முழுவதையும் தகப்பனுக்குச் சொன்னாள். கிரஹாமைப் போல ஒரு தடவை, என்னைப் போல ஒரு தடவை நடித்தும் காட்டினாள். அவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப இனி உள்ளுக்க விடமாட்டினம்?" என்றார் என்னைப் பார்த்து.

"விடமாட்டினம் போல."

"பிறகு என்ன செய்யப்போறீர்?"

"இஞ்சருங்கோ," என்றேன், "பிறைற்றன் கடலுக்கு எவ்வளவு நேரம்?"

கண்ணாடிக்குள்ளால் பின்னால் பார்த்துக் காரைத் திருப்பினார்.

"ஒரு மணித்தியாலம்" என்றார். "பார்க்கிங்தான் கஷ்டம்."